எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

ஈவினிங் பஜாரில் ஒரு சந்துக்குள்
பித்தளைத் தகட்டைத் துடைத்து வைத்துவிட்டு
கடைக்காரர் சொன்னார்:
எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மெய்யெழுத்தின் புள்ளிக்குக் காசில்லை.

என் கையில் இரண்டு பக்கம்.
முப்பத்தோரு வருஷத்து ஆட்டக்காரிகள்
வாட்ஸப்பில் அனுப்பியதையெல்லாம்
கோத்து எழுதியது.
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் எழுத்து.
தகடோ ஒன்றரைச் சாண்.

“குறைச்சுட்டு வாங்க.”
படியில் உட்கார்ந்து குறைக்கத் தொடங்கினேன்.

முதலில் கோப்பைகளை அடித்தேன்.
சுலபம். இரண்டுதான்.
அதிலும் ஒன்று, எதிரணியின் பஸ்
விழுப்புரத்தில் நின்றுபோனதால் வந்தது.

ஒன்பது பூஜ்யத்தில் தோற்ற நாளை விடுவதா?
அன்று திரும்பும் மின்சார ரயிலில்
யாரோடும் பேசாமல் ஜன்னலோரம்
பர்மிய எழுத்து பழகிக்கொண்டிருந்தார்.
பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ விற்கும் அக்காவிடம்
கேட்டுக் கேட்டுக் கற்றது.
நோட்டு முழுக்க வட்டம் வட்டமாக.
பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்:
“ஒவ்வொரு வட்டத்துலயும் எங்கேயோ ஒரு திறப்பு இருக்கு பாருங்கடி,
உங்க டிஃபென்ஸ் மாதிரியே.”
அழுதுகொண்டிருந்த கோல்கீப்பர்தான்
முதலில் சிரித்தாள்.

மைதானத்துக்கு விளக்கு வந்த வருஷம்
அதைச் சுற்றிய அந்துப்பூச்சிகளை
ஸ்கோர் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிவந்தார்.
முன்னாலிருந்து நாங்கள், பின்னாலிருந்து அவை.
ஒரு தாளில் இரண்டும் முட்டிக்கொண்டன:
“சுமையா, கணுக்கால், மூன்று வாரம்.”
அதனடியில் தலைகீழாக,
“சாம்பல் நிறம். இடது சிறகில் கிழிசல். பறக்கிறது.”

பூட்ஸ் தைக்கும் ஊசியால்
கல்லூரி ஹார்மோனியத்தின் துருத்தியைத் தைத்தது,
காசிமேட்டில் கேட்டு வந்த நீரோட்டக் கணக்கை
மழைநாள் வகுப்பில் கரும்பலகை முழுக்கப் போட்டது,
அடித்தேன். அடித்தேன்.

இதையும் எழுதியிருந்தேன், யாருக்கும் காட்டாமல்:
இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்
பட்டியலில் என் பெயர் இல்லை.
ஏன் என்று கேட்டதற்கு
“நீ பந்தையே பார்க்கறே” என்றார்.
பதினெட்டு வருஷமாக
அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை எனக்கு.

அப்போது போன்.
அவரேதான். ரகசியத்தைச் சுமையா உளறியிருந்தாள்.
“என்ன உலோகம்?”
“பித்தளை மேம்.”
“உளியை எந்தச் சாய்வுல பிடிக்கிறார்?”
எனக்கென்ன தெரியும்.
போனைக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

இருபத்தைந்து நிமிஷம்.
முதலில் நின்றபடி பேசினார்.
பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
பிறகு டீ சொன்னார், தனக்கு மட்டும்.
ழகரத்தின் வாலில் கை எங்கே நடுங்கும்,
பித்தளை எந்த மாதத்தில் முரண்டு பிடிக்கும்,
எல்லாம் சொன்னார்.
யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
சேர்ந்த முதல் நாள்
என் இடது காலைப் பற்றி
அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டபோது
எனக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

போன் திரும்பி வந்தது, காது சுடச்சுட.
“பேரை மட்டும் போடச் சொல்லிட்டேன்.
மிச்சம் காலியா கிடக்கட்டும்.”
“இவ்வளவு பெரிய தகடு, மேம்...”
“காலி இடத்துக்குத்தாண்டி பந்து போகும்.”
வைத்துவிட்டார்.

ஜெசிந்தா.
நான்கு எழுத்து, ஒரு புள்ளி.
அவர் வெட்ட வெட்ட
அதனடியில் அகலமாய்க் கிடந்த மஞ்சளையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகடு தனி. கூலி நாற்பத்தெட்டு ரூபாய்.
வசூலில் மிஞ்சியதற்கு
வடக்குக் கோலின் கிழிந்த வலையை மாற்றலாம்.
அவரிடம் சொல்ல பயம்.
வலைமுடிச்சு எத்தனை வகை என்று
ஆரம்பித்துவிடுவார்.